எந்தத் தொடரை முதலில் எடுப்பது? மெட்டி ஒலி, கோலங்கள், தெய்வமகள், எதிர்நீச்சல்

பழைய தொடர் ஒன்றை முதல் எபிசோடிலிருந்து வீட்டோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஓய்வு பெற்ற அம்மாவுக்காக, வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்காக, அல்லது சின்ன வயதில் பாதி பார்த்து விட்டுப்போன கதையை முழுதாகத் தெரிந்துகொள்வதற்காக. சன் நெக்ஸ்டிலும் யூடியூபிலும் பெரும்பாலான தொடர்கள் கிடைக்கின்றன. எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

சினிமாவைத் தேர்ந்தெடுப்பது போல இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிடிக்காத படத்தோடு போவது இரண்டரை மணி நேரம். தொடரின் கணக்கே வேறு. விளம்பரத்தை நீக்கினால் ஒரு எபிசோட் ஏறக்குறைய 20 நிமிடம். மெட்டி ஒலி 800 எபிசோடுகளுக்கும் மேல் ஓடியது. தினமும் இரண்டு பார்த்தால் ஒரு வருடத்தைத் தாண்டும். கோலங்கள் 1,500-க்கும் மேல். அதே வேகத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் பிடிக்கும். தெய்வமகள் 1,400-க்கும் மேல். எதிர்நீச்சல் 700-க்கும் மேல். அத்தனை நாள் சாப்பாட்டு நேரத்தில் யாரை வீட்டுக்குள் விடப்போகிறோம் என்பதே இங்கே கேள்வி.

என் அளவுகோல் ஒன்றுதான்: எதிராளியைப் பாருங்கள். நாயகி எல்லாத் தொடரிலும் நல்லவள், உழைப்பவள், பொறுத்துப்போகிறவள். ஆயிரம் எபிசோடைத் தாங்குவது அவளுடைய நல்ல குணம் அல்ல. அவளுக்கு எதிரே நிற்பவர்தான். அந்த எதிராளி நூறாவது எபிசோடிலும் நம்பும்படியாக இருக்கிறாரா, ஐந்நூறாவதில் அலுத்துப்போகிறாரா என்பதைப் பொறுத்தே ஒரு நெடுந்தொடர் நிற்கிறது, விழுகிறது. 1999-இல் ராதிகாவின் சாரதாவோடு வந்த சித்தி, இரவு ஒன்பதரை மணிக்குத் தமிழ்நாட்டுத் தெருக்களைக் காலியாக்கியது. நெடுந்தொடர் மோகத்துக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது அதுதான். ஆனாலும் இந்தக் கட்டுரையில் அதைச் சேர்க்கவில்லை. அதற்குப் பின்னால் வந்து, நான்கு வெவ்வேறு வகை எதிராளிகளைக் காட்டிய நான்கு தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மெட்டி ஒலி. 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்தது. இயக்கியவர் திருமுருகன். மனைவியை இழந்த சிதம்பரம், ஐந்து பெண்களை ஒற்றை ஆளாக வளர்க்கிறார். தனம், சரோ, லீலா, விஜி, பவானி. ஒவ்வொருத்திக்கும் ஒரு கல்யாணம், ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பின்னும் ஒரு புகுந்த வீடு, அந்த வீட்டிலிருந்து வரும் சேதி. கதை அவ்வளவுதான். கடத்தல் இல்லாமல், கூலிப்படை இல்லாமல், ஆள்மாறாட்டம் இல்லாமல் இந்தக் கதையால் வருடக்கணக்கில் மக்களைக் கட்டிப்போட முடிந்தது.

இங்கே எதிராளி யார்? மேலோட்டமாகப் பார்த்தால் சாந்தி வில்லியம்ஸ் நடித்த ராஜம். சரோவின் மாமியார். கொடுமைக்காரிதான், சந்தேகமில்லை. ஆனால் ராஜத்தை நம்மால் ஒதுக்கித்தள்ள முடியாது. அந்தக் குரலை நாம் எங்கோ ஒரு கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறோம். மகன் கைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம், தனக்கு வாய்க்காதது மருமகளுக்கு வாய்த்துவிடுமோ என்ற எரிச்சல், சம்பந்தி வீட்டைக் கொஞ்சம் மட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற பழக்கம், மூன்றும் சேர்ந்த பெண் அவள். அவளைவிடவும் ஆபத்தானவன் அவள் மகன் மாணிக்கம். சேத்தன் நடித்த இந்த மாணிக்கத்தைத் தமிழ்த் தொலைக்காட்சியின் மிகச் சரியான கதாபாத்திரங்களில் ஒன்றாகவே நினைக்கிறேன். அவன் அயோக்கியன் இல்லை. அம்மா சொல்வதை நம்புகிறவன். மனைவி பக்கத்து நியாயம் அவன் காதில் ஏறுவதே இல்லை. ஊரில் கேட்டால் தங்கமான பிள்ளை என்பார்கள். அந்தத் தங்கமான பிள்ளையால் ஒரு பெண்ணின் வாழ்க்கை தினம் தினம் எப்படிக் கரைகிறது என்பதை மெட்டி ஒலி அவசரப்படாமல் காட்டியது.

இன்னும் கூர்ந்து பார்த்தால், உண்மையான எதிராளி ராஜமும் இல்லை, மாணிக்கமும் இல்லை. பெண்ணைக் கொடுத்தவன் குனிந்துதான் நிற்க வேண்டும் என்ற ஊர் வழக்கம். டெல்லி குமார் சிதம்பரமாக நின்ற நிற்பில் அது தெரியும். மகளைக் கொடுத்த வீட்டில் பேச வேண்டிய வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிட்டு, முகத்தில் மட்டும் சிரிப்பை விடாமல் வைத்திருப்பார். கோபம் வரும், ஆனால் அந்தக் கோபத்தின் விலையை மகள்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வராதது போல இருப்பார். மருமகன் வீட்டு வாசலில் தன் அப்பா செருப்பைக் கழற்றும்போதே தயங்கியதைப் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் சிதம்பரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகை எதிராளிக்கு வயதே ஆவதில்லை. முடிந்து பதினைந்து வருடம் கழித்து 2020 ஊரடங்கில் மறு ஒளிபரப்பானபோதும், முதலில் வந்தபோது பிறந்தே இருக்காதவர்கள்கூட உட்கார்ந்து பார்த்தார்கள். நித்யஸ்ரீ மகாதேவனின் குரலில், தினாவின் இசையில் 'அம்மி அம்மி' என்று அந்த முகப்புப் பாட்டு தொடங்கினால் இன்றும் அடுக்களையிலிருந்து ஆள் வெளியே வருகிறது. பாட்டுக்கு ஆடிய சாந்திக்கு 'மெட்டி ஒலி' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டமாகவே ஆகிவிட்டது. குறையும் உண்டு. ஐந்து குடும்பங்கள் என்பதால் ஒரு குடும்பத்தின் சிக்கல் முற்றும் நேரத்தில் கதை இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். படத்தின் தரம் இன்றைய கண்ணுக்குப் பழையதாகத் தெரியும். முதல் சில நாட்களில் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலங்கள் வேறு வகை. 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. விகடன் டெலிவிஸ்டாஸ் தயாரிப்பு, திருச்செல்வம் இயக்கம், தேவயானி அபியாக. மெட்டி ஒலியில் பெண்ணின் வாழ்க்கை கல்யாணத்தில் தொடங்குகிறது என்றால், கோலங்களில் அவளுடைய சம்பளத்தில் தொடங்குகிறது. அப்பா விட்டுப்போன குடும்பத்தைத் தாங்குகிறவள் அபி. அவள் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் வீட்டு வருமானம் நின்றுபோகும். அந்த முதல் கட்டத்து எபிசோடுகள் மிகக் கூர்மையானவை. வேலைக்குப் போகும் மூத்த பெண்ணை ஒரு குடும்பம் எப்படி அன்பாலேயே சுரண்டும் என்பதை அதற்கு முன் யாரும் இவ்வளவு பச்சையாகத் தொலைக்காட்சியில் காட்டியதாக எனக்கு நினைவில்லை. பிறகு பாஸ்கரோடு கல்யாணம், அந்த வீட்டின் பணத்தாசை, முறிவு. அங்கிருந்து அபி கட்டுமானத் தொழிலுக்குள் நுழைந்து சொந்தக் காலில் நிற்கிறாள். தினசரித் தொடரில் ஒரு பெண் கட்டட வேலை பற்றியும் ஒப்பந்தம் பற்றியும் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பெண்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள்.

இங்கே எதிராளி ஆதித்யா. அபியின் அப்பாவுடைய இன்னொரு குடும்பத்துப் பிள்ளை. அதாவது அவளுக்குத் தம்பி முறை. பணம், ஆணவம், அக்கா என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் வெறி. அஜய் கபூர் அந்தப் பாத்திரத்தில் கொண்டுவந்த வேகம் ஆரம்பத்தில் மிரட்டும். சொத்துக்காக மட்டும் அவன் சண்டை போடவில்லை. அபி ஜெயிக்க ஜெயிக்க, தன் அப்பாவின் முதல் குடும்பம் நிஜம் என்பதும் ஊரறிய உறுதியாகிறது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. எழுதப்பட்ட விதத்தில் இது நல்ல பகை. நீடித்த விதத்தில்தான் சிக்கல். அவன் சதி செய்வான், அபி விழுவாள், எழுவாள், மறுபடியும் சதி. ஆறு வருட ஓட்டத்தில் இந்தச் சக்கரம் சுற்றியது கணக்கில்லை. பிற்பகுதியில் ஆதி ஒரு மனிதனாகத் தெரிவது குறைந்து, அபிக்கு அடுத்த துன்பத்தைக் கொண்டுவரும் வழியாகவே மாறிவிடுகிறான்.

அந்தச் சுற்றலைத் தாங்கிப்பிடித்தது தொல்காப்பியன். தொல்ஸ். இயக்குநர் திருச்செல்வமே நடித்த பாத்திரம். கூடவே நிற்பான், உரிமை கொண்டாட மாட்டான். இது நட்பா அதற்கு மேலா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடந்த காலம் அது. ஓர் ஆணும் பெண்ணும் கல்யாணப் பேச்சில்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாம் என்பதை எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள் ஏற்றுக்கொண்டது தொல்ஸ் முகத்தைப் பார்த்துத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மெட்டி ஒலியிலும் இதே வழக்கம் இருந்தது. இயக்குநர் திருமுருகன், நல்ல மனம் கொண்ட கோபி என்ற பாத்திரத்தைத் தனக்கு வைத்துக்கொண்டார். எல்லோரையும் தவறு செய்ய வைத்துவிட்டு, நியாயத்தைத் தன் வாயாலேயே பேசுவது இந்த இயக்குநர்களுக்குப் பிடித்த ஏற்பாடு போலும். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அந்தப் பாத்திரங்கள்தான் பார்ப்பவர்களுக்கு மூச்சுவிட இடம் தந்தன.

கோலங்களை எடுப்பதானால் என் யோசனை இது: அபி கல்யாணமும் முறிவும், தொழிலில் கால் ஊன்றும் வரைக்குமான பகுதியை ஒன்றுவிடாமல் பாருங்கள். அதற்குப் பிறகு ஆதியின் சதிகள் அடுக்கடுக்காக வரும்போது தாவித் தாவிப் பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. கதை கைவிட்டுப் போகாது.

தெய்வமகள் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அதன் பலம் ஒரே ஒரு பெண். 2013 முதல் 2018 வரை ஓடிய தொடர், இயக்கம் குமரன். சத்யாவாக வாணி போஜன், பிரகாஷாக கிருஷ்ணா. இருவரும் நன்றாகவே செய்தார்கள். மோதலில் தொடங்கும் அவர்கள் உறவைப் பார்க்கவே ஒரு கூட்டம் இருந்தது. ஆனால் இன்று தெய்வமகள் என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவர்கள் அல்ல. அண்ணியார். ரேகா கிருஷ்ணப்பா நடித்த காயத்ரி. ஜெய்ஹிந்த் விலாஸ் என்ற அந்தப் பெரிய வீட்டில், கொழுந்தன் தாயாக மதிக்கும் அண்ணி. அவன் வாயில் மரியாதை மாறாத 'அண்ணியார்'. அவள் மனதில் அந்த வீட்டுச் சொத்து.

ராஜத்திடம் இல்லாதது காயத்ரியிடம் இருந்தது: தன் வேலையை ரசித்துச் செய்தாள். திட்டம் பலித்தால் ஒரு சிரிப்பு, பலிக்காவிட்டால் அதைவிடப் பெரிய சிரிப்பு. பிடிபட்டுவிட்டாள் என்று நாம் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் நழுவிவிடுவாள். வீட்டில் அதிகாரம் செய்யும் பெண்களை 'அண்ணியார்' என்று கிண்டலாக அழைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இந்தத் தொடருக்குப் பிறகே வந்தது. பொழுதுபோக்காக, விறுவிறுப்பாக, அடுத்து என்ன என்ற பதைப்போடு பார்க்க வேண்டும் என்றால் நான்கில் இதுவே முந்தும். ஆனால் இவளை நாம் எந்தக் கல்யாண வீட்டிலும் சந்தித்ததில்லை. சந்திக்கவும் மாட்டோம். பார்த்து முடித்த பிறகு மனதில் நிற்பது அவள் தோரணை. அவளால் யார் என்ன இழந்தார்கள் என்பது அவ்வளவாக நிற்பதில்லை. எனக்கு அது போதவில்லை.

இனி எதிர்நீச்சல். கோலங்கள் முடிந்து பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, 2022 பிப்ரவரியில் திருச்செல்வம் இதைத் தொடங்கினார். எதிராளிக்கு மறுபடியும் ஆதி என்றே பெயர். ஆதி குணசேகரன். ஆனால் இந்த ஆதி அக்காவின் வளர்ச்சியை வெளியிலிருந்து தடுப்பவன் அல்ல. வாசலை உள்ளிருந்து பூட்டுபவர். தானும் படித்த பெண்ணைக் கட்டி, தம்பிகளுக்கும் படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிவைத்து, அந்தப் படிப்பை அடுக்களைக்குள் அடக்கிவிடுவதில் பெருமை காண்கிற மதுரைக்கார அண்ணன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வரும் ஜனனி. நான்கு மருமகள்கள், நான்கு விதமான அடங்கல்.

இந்தத் தொடரின் உயிர் இருப்பது அந்த வீட்டு அடுக்களையில். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உள்ளே இவர்கள் காய் நறுக்கிக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நந்தினிக்கு வாய் நீளம். அவள் ஒன்று சொல்வாள், ரேணுகா அதற்கு மேல் ஒன்று சொல்வாள், சிரிப்பு வரும். மூத்தவள் ஈஸ்வரி மட்டும் சிரிக்காமல் கதவுப் பக்கம் ஒரு கண்ணை வைத்திருப்பாள். கூடத்திலிருந்து 'இந்தாம்மா ஏய்' என்று ஒரு குரல் வந்ததும் அத்தனை பேரும் ஒரே நொடியில் வேறு ஆட்களாகிவிடுவார்கள். கனிகா, பிரியதர்ஷினி, ஹரிப்பிரியா மூவரும் அந்த ஒரு நொடி மாற்றத்தைச் செய்த விதத்துக்காகவே இந்தத் தொடரை நான் மதிக்கிறேன். பம்பாய் ஞானத்தின் அப்பத்தா இன்னொரு பலம். சொத்தில் 40 சதவீதம் தன் பேரில் இருக்கிறது என்ற ஒரே பிடியை வைத்துக்கொண்டு அந்தக் கிழவி குணசேகரனைத் தூங்கவிடாமல் செய்வது நல்ல கதை அமைப்பு.

குணசேகரனாக நடித்த மாரிமுத்துவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். தேனி மாவட்டத்துக்காரர். இயக்குநராக இருந்து நடிகரானவர். குணசேகரனை அவர் கத்தும் வில்லனாகச் செய்யவில்லை. தான் சொல்வது குடும்பத்தின் நன்மைக்கே என்று முழு மனதோடு நம்பும் மனிதராகச் செய்தார். அதனால்தான் அவர் பேச்சில் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தங்கை ஆதிரைக்கு அவள் விரும்பிய அருணையே கட்டிவைப்பதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் கரிகாலனைத் தாலி கட்ட வைக்கும் கட்டம் இந்தத் தொடரின் உச்சம். அண்ணனின் சொல்லை நம்பி மணக்கோலத்தில் நின்ற ஆதிரையின் முகத்தைப் பார்க்க முடியாமல் எங்கள் வீட்டில் எழுந்து போனவர்கள் உண்டு.

2023 செப்டம்பர் 8 அன்று, இதே தொடரின் டப்பிங் வேலையில் இருந்தபோது நெஞ்சுவலி வந்து மாரிமுத்து இறந்துபோனார். பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அவர் குணசேகரன் வேறு ஆள்: கண்ணில் ரத்தம் காட்டுகிறவர், பேச்சு குறைவு. குறை அவருடையது அல்ல. வீட்டு மனிதர்களுக்கு நடுவே உட்கார்ந்து அடக்கியாண்ட எதிராளி போனதும் கதை வீட்டைவிட்டு வெளியேறியது. குணசேகரனின் மகள் தர்ஷினி கடத்தல் என்று இழுக்கத் தொடங்கியது. அடுக்களை காலியாகிவிட்டது. 2024 ஜூனில் தொடர் முடிந்தபோது முதல் வருடத்து அடர்த்தி அதில் இல்லை.

ஆக, எதை எடுப்பது? வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து பார்க்கப்போகிறது என்றால் மெட்டி ஒலி. பாட்டி ராஜத்துக்காகப் பேசுவார், அம்மா சரோவுக்காகப் பேசுவார், பேத்தி இருவரையும் கேள்வி கேட்பாள். அந்த உரையாடலுக்காகவே ஒரு வருடத்தைத் தரலாம். வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் பெண் தனியாகப் பார்க்கப்போகிறாள் என்றால் கோலங்களின் முதல் பகுதி. களைத்து வந்து மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் தெய்வமகள். நீண்ட நாள் ஒதுக்க முடியாது, ஆனால் தரமான எழுத்து வேண்டும் என்பவர்களுக்கு எதிர்நீச்சல், அதுவும் மாரிமுத்து இருக்கும் வரை. நான்கில் ஒன்றுதான் என்று கட்டாயப்படுத்தினால் நான் தயங்காமல் மெட்டி ஒலி என்பேன். மற்ற மூன்றிலும் எதிராளி போய்விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். சிதம்பரத்தின் பிரச்சினை ராஜம் திருந்தினாலும் தீராது.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. 2024 டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று இரண்டாம் பாகம் தொடங்கியது. அதில் ஜனனியாக நடிப்பவர் வேறு. முதல் பாகம் பார்க்காமல் நேராக அதில் நுழையாதீர்கள். அந்தப் பெண்கள் எதைத் தாண்டி வந்தார்கள் என்று தெரியாமல் அவர்களுடைய கோபம் உங்களுக்குப் புரியாது. மெட்டி ஒலியை முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று இருந்தால், அதே திருமுருகன் காரைக்குடிப் பின்னணியில் எடுத்த நாதஸ்வரத்துக்குப் போங்கள். 2010 முதல் 2015 வரை வந்தது. அங்கே மௌலி நாதஸ்வர வித்வான் சொக்கலிங்கமாக வருகிறார். இங்கும் கோபி இருக்கிறான், திருமுருகனே நடிக்கிறார். சிதம்பரத்தின் தவிப்பைப் பார்த்த கையோடு சொக்கலிங்கத்தைப் பார்த்தால், இரண்டு அப்பாக்களில் யார் கூடுதலாக விழுங்கினார் என்று உங்கள் வீட்டில் அடுத்த சண்டை தொடங்கும்.